யாருடைய வாசற்படியும் இல்லாத ஊர்

சிவமயம்

மில்லிக்கன், ரொறன்ரோ
02.03.2025

அன்புள்ள பெரியண்ணைக்கு,

தம்பி இராஜரட்ணம் எழுதிக்கொள்வது. உறையில் கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தையும் வாசித்துவிடுங்கள். போன் எடுத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை மடித்து வைத்தாலும் பிறகொரு நாள் விரிக்கலாம் என்றுதான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேனை பிடித்திருக்கிறேன்.

இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். என் மனுசி பேபிக்குச் சீனி கொஞ்சம் கூட. எனக்கு மார்கழியில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள், பெரிய விஷயம் இல்லை. மகள் நிரூபா விட்பியில் வீடு வாங்கிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கறியில் உப்பு எவ்வளவு போட்டது என்று விசாரணை வைக்கிறாள். உங்கள் முழங்கால் ஒபரேஷன் நல்லபடி முடிந்தது என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். பேபியும் பரிமளம் மச்சாளும் மாதத்தில் ஒரு தடவை கதைப்பது நம் இருவருக்கும் தெரியாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நம்பட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நீங்கள், மச்சாள், நான், பேபி, நாலு பேருமாக நாலு நாள் புடாபெஸ்ட் போய் ஊர் பார்த்துவிட்டு வந்தால் என்ன? ஹங்கேரி நாட்டின் தலைநகரம். நடுவில் டான்யூப் ஆறு, ஒரு கரையில் மலையும் அரண்மனையும், மறு கரையில் பாராளுமன்றம். உங்கள் மியூனிக்கில் இருந்து நேரே ரயில் இருக்கிறது, ஏழு மணித்தியாலம். நாங்கள் பிராங்க்பர்ட்டில் விமானம் மாறி வந்துவிடுவோம்.

ஏன் புடாபெஸ்ட் என்று கேட்பீர்கள். அன்றைக்கு எங்கள் வாசலில் பனிக்குள் பெட்டியோடு நின்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் தவறாமல் ஞாபகம் இருக்கிறது. "அம்மான்ர முகம் இல்லாத வீட்டுக்குள்ள எனக்கென்ன அலுவல்? இனி நான் உன்ர படி மிதிக்கமாட்டன், நீயும் என்ர படி மிதிக்கக் கூடாது" என்றீர்கள். உங்கள் சிநேகிதன் அன்புராசாவின் காரில் ஏறிப் பிக்கரிங் போய் அவன் வீட்டில் ஓர் இரவு தங்கி, அப்படியே ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டீர்கள். நீங்கள் சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை. விழுங்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. உங்கள் படிக்கு நான் வரவில்லை, என் படிக்கு நீங்கள் வரவேண்டாம். ஹோட்டல் படி யாருடையதும் இல்லை.

மற்றத் தலைநகரங்களை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். லண்டன் என்றால் பெரியம்மாவின் பிள்ளைகள் ஐந்து வீடு. பாரிஸில் பேபியின் தமையன். ஒஸ்லோவிலும் கொப்பன்ஹேகனிலும் வீட்டுக்கு வீடு நம் ஆட்கள். போகாவிட்டால் "ஐரோப்பாக்கு வந்தும் எங்கட வீட்டை வரேல்லையோ" என்ற கோபம் ஐந்து வருடம் நிற்கும். போனால் சாப்பாடு போட்டு, கலியாண அல்பம் காட்டி, கடைசியில் நம் இருவரையும் ஒரே சோபாவில் இருத்தி வைத்து ஆளுக்கு ஆள் சமாதானம் பேசுவார்கள். எனக்கு அது வேண்டாம். வியன்னா நல்லதுதான், ஆனால் அங்கே மச்சாளின் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறார். புடாபெஸ்டில் ஒரு சகலன் கூட இல்லை. பேபியும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து யோசித்துத்தான் இதை உறுதிப்படுத்தினோம்.

இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன், எந்த ஊர் என்றாலும் முதலில் ரூட் மப்பைத்தான் பார்ப்பேன். ஆற்றங்கரை ஓரமாக இரண்டாம் நம்பர் ட்ராம் ஓடுகிறது. ஏறி இருந்தால் பாராளுமன்றம், பாலங்கள் எல்லாம் ஜன்னலுக்குள்ளேயே வந்துவிடும், உங்கள் காலுக்கு வேலை இல்லை. ஹோட்டலும் அந்த ட்ராம் பாதையிலேயே பார்த்து வைத்திருக்கிறேன். லிப்ட் இருக்கிறது. ஒரே மாடியில் இரண்டு அறை, நடுவில் இரண்டு கதவு தள்ளி. கோபம் வந்தால் சாத்திக்கொள்ளலாம்.

என் எண்ணம் இப்படி. மே பத்தாம் திகதி சனிக்கிழமை வந்து சேர்கிறோம். அன்று ஆற்றங்கரையும் பாராளுமன்றமும். ஞாயிறு அரண்மனை மலை. மேலே ஏறுவதற்குக் கம்பி இழுக்கிற சின்ன ரயில் இருக்கிறது, உச்சியில் வண்ண ஓடு போட்ட பழைய தேவாலயம் ஒன்று. திங்கள் மியூசியம் இரண்டு. செவ்வாய் காலை சந்தை, பின்னேரம் வெந்நீர்க் குளிப்பு. அந்த ஊரில் பூமிக்குள் இருந்து சுடுதண்ணீர் வருகிறதாம், அதற்குக் கோயில் மாதிரிக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் கழுத்தளவு தண்ணீருக்குள் நின்றபடி செஸ் விளையாடுகிற படத்தை நிரூபா காட்டினாள். அதைப் பார்த்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. தண்ணீருக்குள்ளும் நீங்கள்தான் வெல்வீர்கள்.

அம்மாவின் விஷயத்தையும் எழுதாமல் விட முடியாது. அம்மா போனது வியாழக்கிழமை. உங்கள் பாஸ்போட் முடிந்திருந்தபடியால் செவ்வாய்க்கிழமைதான் உங்களால் வந்து இறங்க முடிந்தது. அதற்குள் ஞாயிறே எல்லாம் முடிந்துவிட்டது. பியூனரல் ஹோமில் ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை என்று அன்றைக்கே போனில் சொன்னேன். இருந்திருந்தால் நீங்கள் வரும் மட்டும் வைத்திருப்போம். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைத்து என்ன செய்வது.

மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் பதில் போடாமல் விடுங்கள், விளங்கிக்கொள்வேன். விருப்பம் என்றால் ஒரு வரி போதும். பிள்ளையார் உங்கள் காலுக்குப் பலத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் தம்பி
இராஜரட்ணம்

* * *

மியூனிக்
21.03.2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் மேசையில் கிடந்தது. நாலாம் நாள் பரிமளம் அதைத் தூக்கி என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள், பிறகுதான் வாசித்தேன்.

உன் திட்டத்தில் பிழை இருக்கிறது. திங்கட்கிழமைகளில் அங்கே மியூசியங்கள் பூட்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படித்தான், வர முதல் விசாரித்திருக்க வேண்டும். பாராளுமன்றத்தை உள்ளே போய்ப் பார்ப்பதென்றால் முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும், அதையும் நீ எழுதவில்லை. நாலு நாளில் இத்தனை இடம் பார்க்க இது நீ ஓட்டின பஸ் இல்லை. எனவே நாங்கள் மே பதின்மூன்று செவ்வாய் வந்து, பதினாறு வெள்ளி திரும்புகிறோம். ரயில் ரிக்கற் நேற்று எடுத்துவிட்டேன். பின்னேரம் கெலெற்றி ஸ்டேஷனில் இறங்குவோம். நீயும் அதற்கேற்ற மாதிரி உன் நாட்களை மாற்று.

வெந்நீர்க் குளிப்பு எனக்கு நம் நாட்டில் கன்னியாவின் ஏழு சுடுதண்ணீர்க் கிணற்றிலும் அள்ளி வார்த்ததோடு சரி. அங்கே என்ன உடுப்போடு இறங்க வேண்டும் என்று கேட்டு எழுது. கண்ட கண்ட காற்சட்டை எல்லாம் என்னால் போட முடியாது. பரிமளம் ரைஸ் குக்கர் கொண்டு வருகிறேன் என்று நிற்கிறாள். ஹோட்டலில் நெருப்பு மணி அடிக்கும் என்று சொன்னேன், கேட்கிறாளில்லை. நீ உன் பெண்சாதியை விட்டுச் சொல்லச் சொல்லு. அவர்கள் கதைப்பது எனக்கும் தெரியும்.

இனி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. தாய்க்குக் கொள்ளி வைக்கிற உரிமை கடைசி மகனுக்குத்தான். அதில் எனக்கு எப்போதும் குறை இல்லை. நான் கேட்டது முகம் பார்க்க மட்டும். அந்தக் கோபத்தில் உன்னைப் பேசிவிட்டேன். பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தால், பியூனரல் ஹோமில் நாள் இல்லை என்றால் நீ என்ன செய்வாய்? அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெருவிலா நிற்பாய்? பதினாறு வருடம் அம்மாவைக் குளிக்க வார்த்துக் கஞ்சி பருக்கினவன் நீ. கிழமைக்கு ஒரு தடவை போன் எடுத்தவன் நான். அன்றைக்குப் பேபி வாசலுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள். நான் வாங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூத்தவன் இளையவனிடம் மன்னிப்புக் கேட்பது நம் குடும்பத்தில் வழக்கம் இல்லை. நான் கேட்கிறேன். பிழை என்னுடையது, உன்னில் ஒரு பிழையும் இல்லை. உன் நெஞ்சுக்குள் வைத்த குழாய் பெரிய விஷயம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை டொக்டர் சொல்லட்டும். மாத்திரைகளை ஒழுங்காகப் போடு.

பேபிக்கும் நிரூபாவுக்கும் என் ஆசி.

அண்ணன்
கனகசிங்கம்

* * *

சிவமயம்

மில்லிக்கன், ரொறன்ரோ
04.04.2025

அன்புள்ள பெரியண்ணைக்கு,

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேபி வாசித்துவிட்டுச் சாமி அறைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. தேத்தண்ணி விஷயத்தை அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. நீங்கள் எழுதியபிறகுதான் அவளுக்கும் அது இத்தனை வருடம் உள்ளே இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் பயண விஷயங்களை முடிக்கிறேன். எங்கள் ரிக்கற்றை நிரூபா மாற்றிவிட்டாள், பதின்மூன்றாம் திகதி காலையே நாங்கள் அங்கே நிற்போம். ஹோட்டலும் மாற்றியாயிற்று, அதே மாடிதான். பாராளுமன்றத்துக்குப் புதன் காலை பத்தே முக்காலுக்கு நாலு பேருக்கு நேரம் எடுத்திருக்கிறேன், பாஸ்போட் கையில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குளிப்புக்கு முழங்கால் வரை வருகிற நீச்சல் காற்சட்டை போதுமாம், வேட்டிக்கு இடமில்லை. உங்கள் அளவு தெரிந்தால் பேபி இங்கேயே வாங்கி வருவாள். ரைஸ் குக்கர் பற்றி அவள் மச்சாளிடம் கதைத்தாள். கதைத்ததன் பலன், இப்போது அவளும் ஒன்று கொண்டு வரப்போகிறாளாம்.

அண்ணை, இதற்கு மேல் எழுதப்போவதை நீங்கள் இருந்துகொண்டு வாசியுங்கள்.

பியூனரல் ஹோமில் நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் தனியாகத்தான் அங்கே போனேன். அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை, குடும்பத்தில் யாரும் வெளிநாட்டில் இருந்து வர இருக்கிறார்களா என்று தானாகவே கேட்டாள். தமையன் செவ்வாய் வருவார் என்றேன். அப்படியென்றால் புதன்கிழமை இரண்டு மணிக்கு மண்டபம் இருக்கிறது, அதுவரை அம்மாவை நாங்கள் கவனமாக வைத்திருப்போம் என்றாள். பேனையைக் கூட எடுத்துவிட்டாள். நான் வேண்டாம், ஞாயிறே செய்வோம் என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். புதன்கிழமை வேலை நாள். தை மாதக் குளிர். சனம் வராது. இங்கே செத்தவீடு என்றால் சனி பார்வைக்கு வைத்து, ஞாயிறு எரிப்பதுதான், அப்போதுதான் ஆட்கள் வருவார்கள். அதற்கு முதல் மாதம் எங்களுக்குத் தெரிந்த ஒருவரை ஒரு செவ்வாய்க்கிழமை எரித்தார்கள். பதினொரு பேர். நான் பன்னிரண்டாவது ஆள். அந்த வெறுங்கதிரைகள் என் கண்ணுக்குள் நின்றன. இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் நான் போகாத செத்தவீடு இல்லை. என் அம்மாவுக்குச் சனம் இல்லாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஆள் இல்லை என்று ஊர் நினைத்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். நானூறு பேருக்கு மேல் வந்தார்கள். வரிசை வாசல் வரை நின்றது. அன்றைக்கு எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் அரைவாசிதான் சொன்னதாகும். அம்மா கடைசி இரண்டு கிழமையும் என்னை அடையாளம் மட்டுக்கட்டவில்லை. கஞ்சி பருக்கும்போது என் கையைப் பிடித்து "பெரியவன், வந்திட்டியோ" என்று கேட்பார். "நான் சின்னவன், அம்மா" என்று முதல் நாள் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு "ஓம் அம்மா, வந்திட்டன்" என்றுதான் சொன்னேன். சிரித்துக்கொண்டு குடிப்பார். உங்கள் பெயருக்குத்தான் குடித்தார். பதினாறு வருடம் பக்கத்தில் இருந்தவனைத் தெரியவில்லை, போனில் வந்தவனைத் தெரிகிறது என்று எனக்கு எரிச்சல் இருந்தது, அண்ணை. உங்கள் மேல்தான். அந்தப் பெண் புதன் என்று சொன்னபோது, உங்களுக்காக இதையும் ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று என் மனதின் ஒரு பக்கம் சொன்னது. அது நல்ல மனம் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் உங்களுக்குப் போன் எடுத்து நாள் இல்லை என்று சொன்னேன். நீங்கள் அழுதீர்கள். அதற்கு முன் நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. போன மாதம் எழுதிய கடிதத்திலும் அதே பொய்யைத் திரும்ப எழுதினேன். நீங்கள் அந்தப் பொய்யை நம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மூத்தவன் எழுதின அந்த வரியை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிழை உங்களுடையது இல்லை. அந்த வாசலில் நின்று நீங்கள் பேசியது முழுக்க நியாயம், இன்னும் கூடப் பேசியிருக்கலாம்.

இது பேபிக்குத் தெரியும். எரித்த அன்று இரவே நான் சொல்லிவிட்டேன். அவள் மச்சாளுக்கு இதுவரை சொல்லவில்லை. "உது நீங்கள் உங்கட வாயால சொல்ல வேண்டியது, நான் சொல்ல மாட்டன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவளைக் கோபிக்காதீர்கள். கடிதம் எழுதி முடியும் வரைக்கும் எனக்குச் சாப்பாடு இல்லை என்று இப்போது அடுப்படியில் நிற்கிறாள்.

நேரில் வந்த பிறகு சொல்லலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. ஆற்றங்கரையில் நின்று, நல்லாகச் சாப்பிட்ட பிறகு, ஆறுதலாகச் சொல்லலாம் என்று. அப்படிச் செய்தால் உங்களை இரண்டாவது தடவையும் ஏமாற்றிக் கூப்பிட்டதாகிவிடும். தெரிந்துகொண்டு வருகிறீர்களா, தெரிந்துகொண்டு வராமல் விடுகிறீர்களா என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் ரயில் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று நிரூபாவைப் பார்க்கச் சொன்னேன். மே ஆறாம் திகதி வரைக்கும் கொடுக்கலாமாம். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் போவோம். பதின்மூன்றாம் திகதி பின்னேரம் மியூனிக் ரயில் வரும்போது நான் கெலெற்றி மேடையில் நிற்பேன். நீங்கள் அதில் இல்லை என்றால் அடுத்த ரயிலுக்கும் நிற்பேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை, அதற்கு எனக்கு முகம் இல்லை. ஏச வேண்டும் என்றால் வந்து ஏசுங்கள். அறையில் வைத்து ஏசினாலும் சரி, பாராளுமன்றத்து வாசலில் வைத்து ஏசினாலும் சரி, அங்கே நம் பாஷை விளங்குகிற ஒருவரும் இல்லை. மச்சாளும் பேபியும் ஊர் பார்க்கட்டும், நாங்கள் இருவரும் அந்த நாலு நாளையும் இதற்கே வைத்துக்கொள்வோம்.

இன்னுமொன்று. போன ஞாயிறு நிரூபாவை இருத்தி வைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது நடந்தால், பெரியப்பா வந்து சேரும் மட்டும் என்னை எரிக்கக் கூடாது. புதனோ வியாழனோ, சனம் வருகுதோ இல்லையோ, பெரியப்பா வந்து முகம் பார்த்த பிறகுதான். பிள்ளை அழுதுகொண்டு ஓம் என்றாள். நீங்கள் அன்றைக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணை. எவ்வளவு கோபம் இருந்தாலும் வருவீர்கள். அதற்கு முதல், நான் எழும்பி நின்று உங்கள் பெட்டியை வாங்கக் கூடிய காலத்தில், ஒரு தடவை வந்துவிடுங்கள்.

இப்படிக்கு
உங்கள் தம்பி
இராஜரட்ணம்